ஆவணியில் யாழ்ப்பாணம் வருகிறோம்: சிறுவர் இல்லத்துக்கு என்ன கொண்டு வரலாம்?

#1 ஆனைக்கோட்டையான் (ஸ்காபரோ)

வணக்கம் உறவுகளே. எங்கள் சபையிலிருந்து பதினொரு பேர் வருகிற ஆவணியில் ஊருக்கு வருகிறோம். அதில் ஐந்து பேர் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். யாழ்ப்பாணத்தில் பத்து நாள் நிற்போம். அதில் நாலு நாளை ஒரு கிறிஸ்தவ சிறுவர் இல்லத்தில் கழிக்க வேண்டும் என்பது எல்லாருடைய விருப்பம். காலையில் பாட்டும் வேதாகமக் கதையும், மத்தியானம் நல்ல சாப்பாடு, பின்னேரம் ஆங்கிலமும் விளையாட்டும் என்று ஒழுங்கு போட்டிருக்கிறோம். மூன்று சூட்கேஸ் நிறைய உடுப்பு, விளையாட்டுச் சாமான், சொக்லேட் சேர்த்தாயிற்று.

நான் 1989 இல் வெளிக்கிட்டவன். இல்லங்கள் இப்போது எப்படி நடக்கின்றன என்று எனக்குத் தெரியாது. எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள், என்ன அளவில் உடுப்பு வேண்டும், வேறு என்ன தேவை என்று அங்கே வேலை செய்கிறவர்கள் யாராவது சொன்னால் பேருதவியாக இருக்கும்.

#2 நெல்லியடி மகள்

சொக்லேட்டை விடுங்கள் அண்ணா, இந்த வெயிலுக்கு வழியிலேயே இளகிவிடும். உடுப்பும் இங்கே மலிவாக எடுக்கலாம். அந்த நிறைக்கு நல்ல பேன் சீப்புகளும் காயத்துக்குப் போடுகிற மருந்துகளும் கொண்டு வாருங்கள்.

#3 குசினிக் கதவு (வலிகாமம்)

ஆனைக்கோட்டையான் அண்ணா, வலிகாமத்தில் ஒரு கிறிஸ்தவப் பெண்பிள்ளைகள் இல்லத்துக்கு நான் பொறுப்பு. பதினான்கு வருடமாகிறது. ஊரையும் இல்லத்தின் பெயரையும் எழுத மாட்டேன், பிள்ளைகள் இருக்கிற இடம். இப்போது 23 பேர். ஆகச் சின்னவளுக்கு ஆறு வயது, மூத்தவளுக்குப் பதினேழு.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் பள்ளிக்கூட விடுமுறை. எங்கள் பிள்ளைகளில் பதினாறு பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஏழு பேர்தான் நிற்பார்கள்.

வீடு இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 23 பேரில் தாயும் தகப்பனும் இல்லாதவர்கள் நாலு பேர் மட்டும். மற்றவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். தகப்பன் விட்டுவிட்டுப் போன வீடு, தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போன வீடு, நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற வீடு, குடி, இரண்டாம் கலியாணம். இப்படித்தான் பிள்ளைகள் எங்களிடம் வந்து சேர்கிறார்கள். ஆகவே அநாதைப் பிள்ளைகள் என்ற சொல்லை மட்டும் உங்கள் ஆட்கள் பாவிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்த விருந்தினர் ஒருவர் வாயில் அது வந்ததைக் கேட்டுவிட்டு எங்கள் பத்து வயதுக்காரி ஒருத்தி அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. "எனக்கு அம்மா இருக்கிறா" என்று என் சட்டையைப் பிடித்துப் பிடித்துச் சொன்னாள்.

நாள் எப்படிப் போகிறது என்று எழுதுகிறேன். என்ன கொண்டு வரலாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

காலை நாலரைக்குக் குசினியில் விளக்குப் போடுவோம். புட்டு என்றால் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மா குழைக்க, ஒருவர் அவிக்க. 26 பேருக்கு அவித்து முடிக்க ஒரு மணித்தியாலம் தாண்டும். இடியப்பம் கிழமையில் ஒரு நாள், பாணும் பருப்பும் இரண்டு நாள். ஐந்து மணிக்குப் பிள்ளைகள் எழும்புவார்கள். கரண்ட் இருந்தால் மோட்டர் போட்டுத் தாங்கி நிரப்புவோம், இல்லாவிட்டால் கிணற்றில் அள்ள வேண்டும். பிறகு தலை இழுப்பு. 23 தலை, ஆளுக்கு இரண்டு பின்னல், ரிப்பன். இன்னார் இன்னாருக்குப் பின்னுவது என்று நான் ஒழுங்கு போட்டதில்லை. புதிதாக வருகிற சின்னப் பிள்ளை ஒரு கிழமை எல்லாருடைய கையையும் பார்த்துக்கொண்டு நிற்கும். பிறகு ஒருநாள் சீப்பைக் கொண்டுபோய் ஒரு பெரிய பிள்ளையின் முன்னால் தானாக உட்காரும். அன்றைக்கு எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும். அந்தப் பிள்ளை இனி இரவில் நித்திரை கொள்ளும் என்று தெரியும்.

ஆறேகாலுக்குச் சின்ன ஜெபம், சாப்பாடு, ஆறே முக்காலுக்குப் படலையைத் தாண்டிவிடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் என் வேலை. மீனுக்குச் சந்தை, அநேகமாகச் சூடை, காசு இருந்தால் பாரை. பிறகு கோப்புகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு. நீதிமன்றக் கட்டளை, மருத்துவப் புத்தகம், பள்ளிக்கூட அறிக்கை, யார் எப்போது பார்க்க வந்தார்கள் என்ற பதிவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். போன வருடம் ஒரு பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்கப் போனோம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லை. 2009 இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் பதுங்கு குழிக்குள் பிறந்த பிள்ளை. நாள் என்ன என்று தாயைக் கேட்டால், "செல் கூடுதலாக விழுந்த நாள்" என்கிறா. எந்த நாள் விழவில்லை அங்கே? கிராம சேவகரின் கடிதம், பள்ளிக்கூடத்தில் சேர்த்த பதிவு, தாயின் சத்தியக் கடதாசி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, காலங்கடந்த பதிவுக்கு ஐந்து தரம் அலைந்தோம். பத்திரம் கைக்கு வந்த அன்று அந்தப் பிள்ளை தன் பெயரை மூன்று தரம் வாசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப எனக்கும் பிறந்தநாள் இருக்குதா அன்ரி?"

இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சோறு, உடுப்புத் தோய்த்தல், சின்ன நித்திரை, விளையாட்டு. ஆறுக்குப் படிப்பு, ஏழரைக்கு ஜெபம், எட்டுக்குச் சாப்பாடு, ஒன்பதுக்கு விளக்கு அணைப்போம்.

இனி உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. எங்கள் எட்டு வயதுக்காரி ஒருத்தி விளக்கு அணைக்க முன் எழும்பி வாசலுக்குப் போவாள். இரவு நிற்கிற மேற்றன் அக்காவின் நீல வார்ப் பாட்டாச் செருப்பு வாசலில் கிடக்கிறதா என்று பார்ப்பாள். கிடந்தால் இரண்டையும் சோடியாகச் சேர்த்து, முன்பக்கம் வீட்டுக்குள் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு வந்து படுப்பாள். ஒரு நாளும் தவறாது. இந்த மேற்றனுக்கு முன்னால் இரண்டு வருடத்தில் மூன்று பேர் மாறினார்கள். நாங்கள் கொடுக்கிற சம்பளத்தில் யாரும் நிற்க முடியாது. ஒருத்தி சனிக்கிழமை வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று பிள்ளைகளுக்குக் கைகாட்டிப் போனவள், திரும்பவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கும் இரண்டு பிள்ளைகள்.

வெளிநாட்டிலிருந்து கட்டடத்துக்குக் காசு வருகிறது, கொம்பியூட்டருக்கு வருகிறது, நத்தார் உடுப்புக்கு நிறையவே வருகிறது. இரவு நிற்கிறவளின் சம்பளத்துக்கு வருவதில்லை. அரசு தலைக்கு இவ்வளவு என்று தருகிற உதவிப்பணம் அரிசிக்கே காணாது. நாலு நாள் உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளை மடியில் வைத்து அன்பு காட்டிவிட்டு ஐந்தாம் நாள் போய்விடுவார்கள். மனது நல்லதுதான், எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் போன பிறகு வாசலில் செருப்புப் பார்க்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும் அண்ணா.

#4 ஆனைக்கோட்டையான் (ஸ்காபரோ)

நன்றி அக்கா. இரண்டு தரம் வாசித்தேன். மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஆனால் ஒரு சங்கடம். ரிக்கற் எடுத்தாயிற்று, இங்கே பள்ளிக்கூடம் விடுகிற காலம் அதுதான். வேறு ஒரு இல்லத்துடன் பேசினோம். நீங்கள் வருகிற நாலு நாளுக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு விடாமல் வைத்திருக்கிறோம், கவலைப்பட வேண்டாம் என்றார்கள். பிள்ளைகளுக்கும் சந்தோசமாகத்தான் இருக்கும், நாலைந்து நாள் பிந்திப் போகலாம்தானே? இது பிழையா என்று தெரியாமல்தான் கேட்கிறேன்.

#5 பனங்குருத்து (கிளிநொச்சி)

அண்ணா, பிழை. நான் இல்லத்தில் வளர்ந்தவன், ஏழு வயதிலிருந்து பதினெட்டு வரை. எந்த இல்லம் என்று சொல்ல மாட்டேன், எனக்குச் சோறு போட்டுப் படிப்பித்த இடம்.

2004 ஆவணி. எனக்குப் பதினொரு வயது. போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலம். விடுமுறைக்கு அம்மா வந்து கூட்டிப் போவதாக இருந்தது. அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து விருந்தினர் வருகிறார்கள், பத்து நாள் பொறுத்துப் போங்கள் என்று இல்லத்தில் சொன்னார்கள். நாங்கள் ஆங்கிலத்தில் ஒரு பாட்டுப் பழகினோம், கையைக் காலை அசைத்து ஆடுகிற பாட்டு. அம்மாவுக்கு அறிவித்தல் கிடைக்கவில்லை. விசுவமடுவிலிருந்து விடிய வெளிக்கிட்டு, முகமாலையில் இறங்கிச் சோதனை முடித்து மற்ற பஸ் ஏறி, மத்தியானம் வந்து படலையில் நின்றா. கால் மணித்தியாலம் பேச விட்டார்கள், கூட்டிப் போக விடவில்லை. ஒரு பையில் பனங்கட்டியும் பயத்தம் பணியாரமும் தந்துவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லித் திரும்பினா.

விருந்தினர் நல்ல மனிதர்கள். ஒருவர் எனக்கு மணிக்கூடு தந்தார். அவர்களுக்கு இந்த விசயம் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் ஆளாக என்னைப் பஸ் ஏற்றி அனுப்பியிருப்பார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன், நீங்கள் இப்போது தெரிந்துகொண்டீர்கள்.

அம்மா 2009 இல் இல்லாமல் போய்விட்டா. விடுமுறைக்கு நான் அவவுடன் நின்ற நாட்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் பத்து நாள் குறைவு.

#6 கச்சேரியடி

நான் சிறுவர் நலன் சார்ந்த அரச வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். சட்டப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன்.

இல்லங்கள் 1941 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதியப்பட வேண்டும். மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம்தான் மேற்பார்வை. முதலில் போக விரும்புகிற இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பிறகு, நீங்கள் வருவது திணைக்களத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும், அனுமதியை இல்லத்தின் மூலமாக முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளைகளின் முகம் தெரிகிற படம் எடுக்க வேண்டாம், முகநூலில் போடவே வேண்டாம். பல பிள்ளைகளின் வழக்கு நடந்துகொண்டிருக்கும். யாரிடமிருந்து காப்பாற்றக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்களோ அந்த ஆளே படத்தைப் பார்த்துத் தேடி வரக்கூடும்.

எந்த இல்லத்திலாவது பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாகப் பட்டால் 1929 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் எடுக்கலாம்.

இன்னொன்று. வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று 2009 இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டல்கள் சொல்கின்றன. எங்கள் நாட்டிலும் பழைய வழி ஒன்று இருக்கிறது. 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி நீதவான் பிள்ளையை ஒரு தகுந்த ஆளிடம் ஒப்படைக்கலாம். அம்மம்மாவாக இருக்கலாம், பெரியம்மாவாக இருக்கலாம். நான் வேலை செய்த காலத்தில் எத்தனையோ அம்மம்மாக்கள், "பிள்ளையை என்னிடம் தாருங்கள், ஆனால் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் எங்கே போவேன்" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் யாரும் பொறுப்பெடுக்காத காரணத்தால் பிள்ளை இல்லத்துக்குப் போகும். அங்கே அதே பிள்ளைக்கு மூன்று சோடிச் சப்பாத்து வெளிநாட்டிலிருந்து வரும். இதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

#7 வடதுருவம் (நோர்வே)

அக்காமாரே, மனம் நோகாமல் கேட்கிறேன். எல்லாம் சரி, ஆனால் இது கிறிஸ்தவ இல்லம்தானே? சோறும் படிப்பும் அரசும் கொடுக்கலாம், வேறு நிறுவனங்களும் கொடுக்கலாம். இயேசுவைப் பற்றிச் சொல்லாவிட்டால் சபை ஏன் இல்லம் நடத்த வேண்டும்? என் அப்பா போதகர். இல்லத்துப் பிள்ளைகள் எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவர்களில் பலர் இன்றைக்கும் விசுவாசத்தில் நிற்கிறார்கள். ஆனைக்கோட்டையான் அண்ணாவின் ஆட்கள் வேதாகமக் கதை சொல்வதைக்கூட இங்கே ஒருவரும் வரவேற்கவில்லை, அதுதான் எனக்குக் கவலை.

#8 நெல்லியடி மகள்

நான் சைவம். தம்பி கேட்டதால் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய் இருந்தா. புருசன் இல்லை, தோட்டத்தில் கூலி வேலை. மகளை ஒரு இல்லத்தில் விட்டா. இரண்டு வருடம் கழித்து விடுமுறைக்கு வந்த பிள்ளைக்கு வேறு பெயர். தாய் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்கத் தயங்கியது. நெற்றியில் திருநீறு பூசப் போன அம்மம்மாவின் கையைத் தட்டிவிட்டது. பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மம்மா ஒரு சொல்லும் பேசவில்லை, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. தாயிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டிருந்தாலும் அவ என்ன சொல்லியிருப்பா, சோறு கொடுக்கிறவர்களிடம்?

குசினிக் கதவு அக்காவை நான் சொல்லவில்லை. ஆனால் ஊரில் இந்த வலி இருக்கிறது.

#9 பழைய வாத்தியார் (வட்டுக்கோட்டை)

பிள்ளை சொன்ன பெயர் விசயம் எங்கள் மண்ணில் இருநூறு வருடப் பழையது.

அமெரிக்க மிசனரிமார் 1816 இல் இங்கே வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டார்கள். பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பிக்கிற பள்ளிகளைத் தொடங்கினார்கள். வட்டுக்கோட்டைச் செமினறி 1823, உடுவில் பெண்கள் பள்ளி 1824. பிள்ளைகளின் செலவுக்குக் காசு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஒரு குடும்பமோ சபையோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், அவர்கள் விரும்புகிற பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்று இன்றைக்கும் சொல்கிறோமே, முன்னுக்கு நிற்கிற அந்தப் பெயர்கள் அந்தக் காலத்தின் அடையாளம். கரோல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர், மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. எவ்வளவு பெரிய படிப்பு அது! அதை அந்தப் பள்ளி கொடுத்தது. இதையும் நன்றியோடு சொல்ல வேண்டும், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இந்த வேதனையிலிருந்துதான் ஆறுமுக நாவலர் எழும்பினார். அவரும் மிசன் பள்ளியில் படித்துப் படிப்பித்தவர், பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகமத்தைத் தமிழாக்கியவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.

வடதுருவம் தம்பிக்கு ஒன்று. மானிப்பாய் கிறீன் வைத்தியரை நினைத்துப் பாருங்கள். 1847 இல் வந்தவர், இடையில் ஊருக்குப் போன காலத்தைக் கழித்தாலும் ஏறத்தாழ இருபது வருடம் எங்களோடு இருந்தார். வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மானிப்பாயில் சைவ வீடுகளிலும் அவர் பெயரை மரியாதையாகச் சொல்வார்கள். அவர் எங்கள் மொழியைத் தன் மொழியாக எடுத்தார், இருந்து வேலை செய்தார். நான் கிறிஸ்தவன்தான், ஐந்தாம் தலைமுறை. எனக்கு அவர் செய்தது பிரசங்கமாகத்தான் படுகிறது.

#10 குசினிக் கதவு (வலிகாமம்)

நெல்லியடி மகள், உங்கள் ஒழுங்கை அம்மம்மாவின் கை என் கண்ணிலேயே நிற்கிறது. நேற்று எழுத வரவில்லை, அதுதான் பிந்திவிட்டது.

எங்கள் 23 பேரில் ஒன்பது பேர் சைவப் பிள்ளைகள். நீதிமன்றம் அனுப்புகிறபோது இடம் எங்கே இருக்கிறதோ அங்கே வருகிறார்கள். நாட்டு வழக்கப்படி அந்தந்த மத இல்லத்துக்கே போக வேண்டும், ஆனால் இடம் கிடைக்க வேண்டுமே. ஒரு பிள்ளை வருகிறபோது சின்னத் தகரப் பேணியில் திருநீறு கொண்டு வந்தாள், அம்மம்மா கொடுத்துவிட்டது. அதை வாங்கி வைக்கச் சொல்லி அப்போதிருந்த நிருவாகத்தில் ஒருவர் சொன்னார். நான் மறுத்தேன். அவளுடைய அலுமாரித் தட்டில் அது இருக்கிறது. பரீட்சை அன்று பூசிக்கொண்டு போவாள். மாலை ஜெபத்தில் எங்களோடுதான் இருக்கிறாள், பாட்டுகள் எல்லாம் பாடம், குரலும் நல்ல குரல். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அம்மம்மா வீட்டுக்கு அனுப்புகிறோம். இல்லத்தில் இருக்கிற காலத்தில் யாருக்கும் ஞானஸ்நானம் இல்லை என்பது நாங்கள் எழுதி வைத்த விதி. பதினெட்டுக்குப் பிறகு அவரவர் விருப்பம். பெயரைத் தொடவே மாட்டோம்.

வடதுருவம் தம்பி, என் விசுவாசத்தை நான் ஒளிக்கவில்லை. காலையும் மாலையும் ஜெபிக்கிறேன், பிள்ளைகள் பார்க்கிறார்கள். இரவில் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கைவைத்து ஜெபிக்கிறேன், சைவப் பிள்ளைக்கும்தான். ஆனால் சோற்றுக்கு என் கையைப் பார்த்து நிற்கிற பிள்ளையிடம் "நீ என்ன விசுவாசிக்கிறாய்" என்று கேட்டால், எனக்குப் பிடித்த பதிலைத்தான் அது சொல்லும். அந்தப் பதிலை ஆண்டவர் முன்னால் நான் எப்படி வைப்பேன்?

2022 இல் காஸ் இல்லை, பால்மா இல்லை, ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டு. அப்போது எங்கள் குசினிக்கு விறகு தந்தது பக்கத்துச் சைவ வீட்டு ஐயா. தன் வளவில் விழுந்த பனை மட்டை, பாளை, பன்னாடை எல்லாவற்றையும் பொறுக்கிக் கட்டி, காலையில் படலையில் வைத்துவிட்டுப் போவார். பணம் கொடுக்கப் போனால் கோபப்பட்டார். அவருடைய திருநீற்றைப் பார்த்த பிறகு ஒரு குழந்தையின் பேணியை எப்படிப் பறிப்பேன்?

#11 வடதுருவம் (நோர்வே)

அக்கா, ஞானஸ்நான விதியில் உங்களோடு எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை. விரும்பிக் கேட்கிற பதினாறு வயதுப் பிள்ளையை ஏன் காத்திருக்க வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் பெயர் மாற்றம், பேணி விசயத்தில் நீங்கள் செய்ததுதான் சரி. அப்பாவிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் காலத்தில் தாய்மாரிடம் கேட்காமல் செய்த சில விசயங்கள் இருக்கின்றன என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

#12 ஆனைக்கோட்டையான் (ஸ்காபரோ)

ஞாயிறு ஆராதனை முடிந்து பதினொரு பேரும் இருந்து இந்த இழையைப் படித்தோம். பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னோம். பனங்குருத்துத் தம்பி எழுதியதைச் சொன்னபோது என் மகள் எழும்பிப் போய்விட்டாள். திரும்பி வந்து, பிள்ளைகளை மறித்து வைக்கிற அந்த இல்லத்துக்குத் தான் வர மாட்டேன் என்றாள். அந்த ஒழுங்கை நிறுத்திவிட்டோம். பிள்ளைகளை வீட்டுக்கு விடச் சொல்லி எழுதியும் அனுப்பினோம்.

அக்கா, சேர்ந்திருக்கிற காசை என்ன செய்யலாம், நேராகச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

#13 குசினிக் கதவு (வலிகாமம்)

கூச்சப்படாமல் சொல்கிறேன் அண்ணா. காசு எங்கள் இல்லத்துக்கு என்று இல்லை, பதிந்த எந்த இல்லத்துக்குக் கொடுத்தாலும் இப்படிக் கேட்டுக் கொடுங்கள்.

ஒன்று, தாய்மாரின் பஸ் காசு. புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருகிறா. பரந்தன் வந்து, ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணம் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். போக வரச் செலவு ஒரு பக்கம், அன்றைய கூலி போவது மறுபக்கம். மழை மாதங்களில் வேலை இல்லாவிட்டால் வர மாட்டா. அந்த மாதம் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தாலே தெரியும், எழுத்துக் கலைந்திருக்கும். பஸ் காசோடு அன்றைய கூலியையும் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் வந்துவிடுவா. போன வருடம் ஆறு தாய்மாருக்கு இப்படிக் கொடுத்தோம், இங்கே உள்ள ஒருவரின் உதவியால். அதில் இரண்டு பிள்ளைகள் இந்தத் தையோடு வீட்டுக்கே போய்விட்டார்கள். தாய் மாதாமாதம் வந்து வந்து, பிள்ளையைத் திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் அவவுக்கே வந்தது. கச்சேரியடி அக்கா சொன்ன கொப்பி, சப்பாத்துச் செலவை நாங்கள் வீட்டுக்கு அனுப்புகிறோம்.

மற்றது மேற்றன் சம்பளம். ஒரு வருடத்துக்குத் தந்துவிட்டு நிறுத்துவதானால் வேண்டாம். மூன்று வருடத்துக்கு உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டும் சொல்லுங்கள். சொன்னால்தான் நல்ல ஒருவரை நிற்கச் சொல்லிக் கேட்கலாம்.

#14 பனங்குருத்து (கிளிநொச்சி)

நானும் ஒன்று சேர்க்கலாமா? பதினெட்டு வயதில் வெளியே வருகிறபோது கையில் ஒரு பையும் சான்றிதழ் கோப்பும்தான் இருந்தது. வாடகை அறை எப்படி எடுப்பது, வங்கிக் கணக்கு எப்படித் திறப்பது, ஒன்றும் தெரியாது. பதினொரு வருடம் மணி அடித்தால் சாப்பிட்டவன், முதல் கிழமை எத்தனை மணிக்குப் பசிக்க வேண்டும் என்றே தெரியாமல் இருந்தேன். வயரிங் பழக்கிய ஒரு பாஸ் தன் வீட்டு விறாந்தையில் படுக்க இடம் தந்தார், அதால் தப்பினேன். பெரிய பிள்ளைகளுக்குத் தொழில் பழகும் காலத்தில் ஒரு வருட வாடகை கொடுங்கள். சமைக்கவும் பழக்குங்கள், ஆண்பிள்ளைகளையும்தான். நான் இப்போது வேலைக்கு எடுக்கிற பொடியன்களில் ஒருவனாவது இல்லத்திலிருந்து வந்தவனாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

#15 ஆனைக்கோட்டையான் (ஸ்காபரோ)

மேற்றன் சம்பளம் மூன்று வருடத்துக்கு: எட்டுக் குடும்பம் பெயர் தந்துவிட்டது. பஸ் காசுக்கு வாலிபர் குழு பொறுப்பு. மற்ற விபரங்களைத் தனிமடலில் எழுதுகிறேன். பெயர்ப்பலகை, படம் ஒன்றும் வேண்டாம்.

ஒரே ஒரு கேள்வி. நாங்கள் ஊருக்கு வரத்தான் போகிறோம். உங்கள் பக்கம் வராமலே விடுவதா நல்லது? மகள் கேட்கச் சொன்னாள்.

#16 குசினிக் கதவு (வலிகாமம்)

வரலாம் அண்ணா. ஆவணியில் போக வீடில்லாமல் நிற்கிற அந்த ஏழு பேருக்கு அதுதான் கடினமான மாதம். மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுப் பகலிலும் படுத்துக்கிடப்பார்கள். ஆனால் பதினொரு பேரும் வேண்டாம். நீங்கள், உங்கள் மனைவி, மகள் மூன்று பேர், ஒரு நாள். திணைக்கள அனுமதிக்கு உங்கள் கடவுச்சீட்டு விபரத்தை இந்த மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். சூட்கேஸ் கொண்டு வர வேண்டாம், இரண்டு பேன் சீப்பு மட்டும் கொண்டு வாருங்கள்.

அந்தக் கிழமை குசினியில் வேலை செய்கிற அக்காவும் விடுமுறையில் போகிறா. புட்டுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று முதலிலேயே எழுதியிருந்தேன். மகளுக்கு மா குழைக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் பதினேழு வயதுக்காரி பழக்குவாள். காலை நாலரைக்குப் பின்படலையைத் திறந்து வைக்கிறேன்.